35/70/25

"கார் இன்சூரன்ஸுக்கு கவர்ன்மென்டே இவ்வளவு போதும்னு எழுதி வெச்சிருக்கான். அதுக்கு மேல எதுக்குங்க இன்சூரன்ஸ்காரனுக்கு அள்ளிக் கொடுக்கணும்?" எடிசனில் ஒரு வீட்டு பேஸ்மென்டில், பிறந்தநாள் கேக் வெட்டி முடித்த கையோடு ஒருவர் சொன்னது இது. சொன்னவர் விவரம் தெரியாதவர் அல்ல. ரொம்ப வருஷமாக நியூ ஜெர்சியில் இருக்கிறார். வரிக் கணக்கைத் தானே போடுவார். வீட்டுக் கடனை எப்போது ரீஃபைனான்ஸ் செய்யலாம் என்று நாலு பேர் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பேச்சு கிரீன் கார்டு பக்கம் திரும்பிவிட்டது.

எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் தப்பே இல்லையே. சீட் பெல்ட் போடு என்று அரசு சொன்னால் அது நம் உயிருக்காக. குழந்தையை கார் சீட்டில் உட்கார வை என்றால் அது நம் பிள்ளைக்காக. அதே அரசு இன்சூரன்ஸ் குறைந்தது இவ்வளவாவது இருக்கட்டும் என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது, அதுவும் நம்மைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று மனசு தானாக எடுத்துக்கொள்கிறது. நியூ ஜெர்சியில் 2026 ஜனவரி 1 முதல் அந்த எண் 35/70/25. நாம் இடித்து ஒருவருக்கு அடிபட்டால் 35,000 டாலர் வரை, ஒரே விபத்தில் எத்தனை பேருக்கு அடிபட்டாலும் மொத்தம் 70,000 வரை, பிறர் பொருளுக்கு 25,000 வரை. இந்த மூன்று எண்ணிலிருந்தும் ஒரு டாலர்கூட நம் வீட்டுக்கு வராது. எல்லாம் எதிராளிக்குப் போகிற பணம். நம் பங்குக்குச் சட்டம் வேறு சிலவற்றையும் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் 'மினிமம்' என்று நாம் பேசும்போது வாயில் வருவது இந்த மூன்று எண்தான்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்கு

இந்த மினிமம் மோகம் கஞ்சத்தனத்தால் வருவதில்லை என்பது என் எண்ணம். நாம் ஊரில் பழகிய கணக்கு அப்படி. இந்தியாவில் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அதன் பிரீமியத்தை கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரசு அறிவிக்கும். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு 2022இல் அறிவித்த தொகை 3,416 ரூபாய். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நம் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டிய தொகைக்கு பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அடிபட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து ஒரு தொகை சொல்லும். ஐந்து லட்சமோ ஐம்பது லட்சமோ, கம்பெனி கட்ட வேண்டும். பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் என்று வரம்பு உண்டு.

ஆக, ஊரில் சட்டப்படி உள்ள குறைந்தபட்சமே அடுத்தவர் விஷயத்தில் முழுசு. அதற்கு மேல் நாம் யோசிப்பதெல்லாம் நம் வண்டியைப் பற்றித்தான்: தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் போடலாமா, எஞ்சினுக்குத் தனியாக வேண்டுமா, சென்னை வெள்ளத்தில் மாட்டினால் என்ன ஆகும். இந்த மனசோடுதான் நெவார்க்கில் வந்து இறங்குகிறோம். இங்கே முதல் கார் வாங்கும்போதும் அதே வரிசையில்தான் யோசனை ஓடுகிறது. பாலிசியில் லயபிலிட்டி (நாம் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் தருவது) என்கிற வரியை எல்லோருக்கும் பொதுவான ஒரு சடங்காகத் தாண்டிவிட்டு, நம் வண்டி மோதினால் ரிப்பேருக்கு முதலில் நாம் கையிலிருந்து போடும் பங்கு, அதாவது கொலிஷன் டிடக்டிபிள், 500ஆ 1000ஆ என்பதில் அரை மணி நேரம் செலவழிக்கிறோம். அந்த 500 டாலர் வித்தியாசம் போனால் யாரும் நடுத்தெருவுக்கு வரப்போவதில்லை. தாண்டிப்போன அந்த வரியில் வரலாம். இந்த ஊரில் லயபிலிட்டிக்கு உச்சவரம்பு உண்டு, அதை எந்த உயரத்தில் வைப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும், வரம்புக்கு மேல் தீர்ப்பு வந்தால் மிச்சத்துக்கு ஆள் நாம்தான்.

பேரம் பேசி வந்த எண்

அப்படியானால் அரசு ஏன் இவ்வளவு சின்ன எண்ணை வைத்திருக்கிறது? அமெரிக்காவில் இன்சூரன்ஸை மேற்பார்ப்பது மாநிலங்களின் வேலை. 1945இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதியாக அவர்கள் கையிலேயே விட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கதை. 1927இல் கார் இன்சூரன்ஸை முதன்முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் மாசசூசெட்ஸ். நியூ ஹாம்ப்ஷயரில் இன்றைக்கும் பெரும்பாலோருக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் விபத்தை உண்டாக்கினால் பணம் கட்டும் வக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். வர்ஜீனியாவில் 2024 ஜூன் வரைக்கும், வருஷத்துக்கு 500 டாலர் கட்டணம் செலுத்திவிட்டு இன்சூரன்ஸே இல்லாமல் வண்டி ஓட்டலாம் என்று இருந்தது. அந்த 500 கொடுத்தால் ஒரு பைசாவுக்குப் பாதுகாப்பு கிடையாது, ஓட்ட அனுமதி மட்டும்தான். ஃப்ளோரிடாவில் சாதாரண ஓட்டுநருக்குக் கட்டாயம் இரண்டே: தன் காயத்துக்கு 10,000, பிறர் பொருளுக்கு 10,000. இன்னொருவர் உடம்பில் ஏற்படுத்திய காயத்துக்கு என்று எதுவும் வைத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மிச்சிகன் இருந்தது. அங்கே விபத்தில் அடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கு வாழ்நாள் முழுக்க வரம்பே இல்லாத காப்பீடு கட்டாயம். பிரீமியம் ஜனங்களின் கழுத்தை நெரித்தது, கடைசியில் 2020 ஜூலையிலிருந்து விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருப்பது கலிஃபோர்னியா. அங்கே 1967இல் 15/30/5 என்று வைத்தார்கள். நிலாவில் மனிதன் கால் வைப்பதற்கு முன்னால் வைத்த அந்த எண் 2024 டிசம்பர் 31 வரை அப்படியே இருந்தது. 2025 ஜனவரியில்தான் 30/60/15 ஆனது, 2035இல் 50/100/25 ஆகப்போகிறது. நியூ ஜெர்சியிலும் 2022 முடிய 15/30/5தான். 2023இல் 25/50/25, இப்போது 35/70/25. நம் பக்கத்து பென்சில்வேனியா இன்னும் 15/30/5ஐ விடவில்லை. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், 5,000 டாலர் பொருள் சேதத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்த வண்டிகள் எத்தனையோ இருக்கும். இன்றைக்குப் புதுக் காரின் சராசரி விலை ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது. கேமராவும் சென்சாரும் வைத்த பம்பர் ஒன்றை மாற்றி, அவற்றைத் திரும்ப அளவு சரிசெய்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கவே அந்த 5,000 போய்விடும்.

இந்த எண்களை யாரும் ஆஸ்பத்திரி பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு எழுதவில்லை. சட்டமன்றத்தில் ஒரு பக்கம், மினிமத்தை ஏற்றினால் ஏழை பாழைகளுக்குப் பிரீமியம் கட்டுப்படியாகாது, இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுவார்கள் என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. இப்போதே நாடு முழுக்க ஏறத்தாழ ஏழு ஓட்டுநரில் ஒருவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார் என்று இன்சூரன்ஸ் ஆராய்ச்சி கவுன்சில் மதிப்பிடுகிறது. இன்னொரு பக்கம், அடிபட்டவன் கதி என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் இழுத்து எங்கே கயிறு நிற்கிறதோ அதுதான் மினிமம். மணிக்கு பதினைந்து டாலர் சம்பளத்தில் மூன்று பேரைக் காப்பாற்றுகிறவர் வண்டியை எடுக்க முடிய வேண்டுமே என்று வைத்த எண் அது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெஸ்ட் விண்ட்சரில் வீடும், பங்குச் சந்தையில் பணமும் வைத்திருப்பவர் அதே எண்ணைக் காட்டி 'போதும்' என்று சொல்லும்போதுதான் எனக்குப் புரியாமல் போகிறது.

கார் புதுசு மாதிரி வந்தது

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா. 2021இல், ரூட் 27இல் சிக்னலுக்கு நின்றுகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து வந்த வண்டி இடித்தது. தப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர்கள் வீட்டில் 'ஃபுல் கவரேஜ்' வைத்திருந்தார்கள், அதாவது மோதல் சேதத்துக்கான கொலிஷன், திருட்டு, வெள்ளம் மாதிரி மற்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவ் இரண்டும், 500 டிடக்டிபிளோடு. கார் பாடி ஷாப்புக்குப் போனது, பின்பக்கம் முழுக்க மாற்றினார்கள், திரும்பி வந்தபோது எங்கே இடித்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. இடித்தவருடைய கம்பெனியிடமிருந்து அந்த 500கூடத் திரும்ப வந்துவிட்டது. அக்காவின் வலது தோள்தான் சரியாகவில்லை. முதலில் பிசியோதெரபி, அப்புறம் எம்ஆர்ஐ, அப்புறம் அறுவைசிகிச்சை. தசைநார் கிழிந்திருந்தது. இன்றைக்கும் சமையலறையில் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க இடது கையைத்தான் தூக்குவார்.

மருத்துவச் செலவை அவர்கள் பாலிசியிலிருந்த பிஐபி பார்த்துக்கொண்டது. நியூ ஜெர்சியில் யார் மீது தப்பு என்று பார்க்காமல் அவரவர் பாலிசியே அவரவர் வைத்தியத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது, கட்டாயமும்கூட. சிக்கல் மற்றதில். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர், கையைத் தூக்க முடியாமல் மாசக்கணக்கில் வீட்டில் இருந்தார். பிஐபியில் சம்பள இழப்புக்கு என்று வழக்கமாக இருக்கிற தொகை வாரத்துக்கு 100 டாலர், மொத்தமாக 5,200. மாநிலத்தின் டிசெபிலிட்டி பணம் கொஞ்சம் வந்தது. போன சம்பளத்துக்கும், இனி வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற வலிக்கும் இடித்தவர் மீது வழக்குப் போடலாம் என்று வக்கீலிடம் போனார்கள். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்: பதினைந்தாயிரம். இடித்தவர் வைத்திருந்தது அன்றைய மினிமம். சொந்தமாக வீடு வாசல் எதுவும் இல்லாத ஆள். பதினைந்தாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு, மிச்சம் ஏறக்குறைய பத்தாயிரம் உங்களுக்கு.

"எங்க பாலிசியில அண்டர்இன்சூர்டுன்னு ஒண்ணு இருக்கே, அதுல வராதா சார்?" என்று அக்காவின் கணவர் கேட்டிருக்கிறார். இடித்தவரின் பாலிசி போதாதபோது நம் பாலிசியிலிருந்து வருவது அது, சுருக்கமாக யுஐஎம். இருந்தது. அதுவும் 15/30தான். அங்கேதான் வக்கீல் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டினார். நியூ ஜெர்சியில் யுஐஎம் என்பது இடித்தவர் கொடுத்ததற்கு மேல் சேர்த்து வைத்துத் தருவது கிடையாது. நம் யுஐஎம் எண்ணிலிருந்து இடித்தவரின் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ அதுவரைக்கும்தான் நம் கம்பெனி தரும். பதினைந்தில் பதினைந்து போனால் பூஜ்யம். வருஷக்கணக்காக யுஐஎம்முக்கு என்று பணம் கட்டியிருக்கிறார்கள். தங்களைப் போலவே மினிமம் வைத்திருக்கும் ஒருவர் இடித்தால் அதிலிருந்து எதுவும் வராது.

இந்தக் கதையை அக்கா என்னிடம் சொல்லி முடித்தபோது எனக்கு மினிமம் பற்றிய பார்வையே திரும்பிவிட்டது. அதுவரைக்கும் லயபிலிட்டி என்றால் நான் ஒருவரை இடித்து, அவர் கோர்ட்டுக்குப் போய், என் வீட்டைக் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு பயம் எல்லோருக்கும் வருவதில்லை. 'நான் நிதானமாத்தான் ஓட்டுவேன்' என்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால் நிதானமாக ஓட்டுகிறவரின் பின்னால் வருகிறவர் எப்படி ஓட்டுகிறார், என்ன பாலிசி வைத்திருக்கிறார் என்பது யார் கையிலும் இல்லை. நியூ ஜெர்சியில் 'பேசிக் பாலிசி' என்று ஒன்று உண்டு. மினிமத்துக்கும் கீழே. அதில் பிறர் காயத்துக்கான லயபிலிட்டி வழக்கமாக இருக்காது, கேட்டால் 10,000 வரை சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதுவும் சட்டப்படி செல்லும், போலீஸ் நிறுத்தினால் கார்டைக் காட்டிவிட்டுப் போகலாம். அப்படி ஒருவர் நம்மை இடித்தால், நமக்கு நாமே வாங்கி வைத்ததுதான் நமக்கு. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: நம் யுஎம் (இன்சூரன்ஸே இல்லாதவர் இடித்தால் நமக்கு வருவது), யுஐஎம் எண்களை நம் லயபிலிட்டி எண்ணுக்கு மேலே வைக்க இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. அடுத்தவருக்கு எவ்வளவு தர ஒப்புக்கொண்டோமோ அவ்வளவு வரைக்கும்தான் நமக்கும். எனக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது, யாரோ ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து எழுதிய சட்டம் போல.

டைனிங் டேபிளில் ஒரு டெக் பேஜ்

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், ஊர் விருதுநகர்ப் பக்கம். போன மாசம் ஒரு பழைய ஹோண்டா ஆக்கார்டு கார் வாங்கினான். "அண்ணே, ஃபுல் கவரேஜ் போட்டாச்சு" என்று வாட்ஸ்அப்பில் டிக்ளரேஷன் பேஜை, அதாவது பாலிசியின் விவரங்கள் எல்லாம் இருக்கும் முதல் பக்கமான 'டெக் பேஜை' அனுப்பியிருந்தான். வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்டு, அதைப் பிரின்ட் எடுத்து, தோசைக்கு நடுவில் இரண்டு பேரும் படித்தோம். ஆன்லைனில் வாங்கியிருக்கிறான், அந்தப் பக்கம் முன்கூட்டியே டிக் செய்து காட்டிய எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறான். லயபிலிட்டி 35/70/25. யுஎம்/யுஐஎம் 35/70/25. கொலிஷன் 500. ரென்டல் காருக்கு நாளுக்கு இவ்வளவு. டோயிங். அந்த வண்டியை இன்றைக்கு விற்றால் எட்டாயிரம் டாலர் தேறும், அதைக் காப்பாற்றத்தான் பிரீமியத்தில் பெரிய பங்கு போகிறது.

பென்சிலை எடுத்து அக்காவின் கணக்கை அவன் எண்களில் போட்டுக் காட்டினேன். எதிராளி நியூ ஜெர்சி மினிமம்: 35இல் 35 போக பூஜ்யம். எதிராளி பென்சில்வேனியா மினிமம், விபத்தும் அங்கேயே: 35இல் 15 போக 20. இதுவே 250/500 ஆக இருந்தால் முதல் ஆளிடம் 215, இரண்டாவது ஆளிடம் 235, எல்லாம் ஆயிரத்தில். "அப்ப ஏழு மடங்கு பிரீமியம் கட்டணுமாண்ணே?" என்றான். இங்கேதான் பலரும் தவறான கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்சூரன்ஸில் முதல் சில ஆயிரங்கள்தான் விலை ஜாஸ்தி, ஏனென்றால் பெரும்பாலான விபத்துகள் அதற்குள்ளேயே முடிந்துவிடும், கம்பெனி அடிக்கடி எடுத்துக் கொடுக்க வேண்டியது அந்தப் பணத்தைத்தான். மேலே போகப்போக ஒவ்வொரு ஆயிரமும் மலிவு. அங்கேயே ஆன்லைனில் பிரீமியம் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தோம். லயபிலிட்டியையும் யுஐஎம்மையும் 250/500/100க்கு ஏற்றி, கொலிஷன் டிடக்டிபிளை 500இலிருந்து 1000 ஆக்கி, அவனுக்குத் தேவையே இல்லாத ரென்டலை எடுத்தபோது (ஆபீஸுக்கு ரயிலில் போகிறவன் அவன்), வித்தியாசம் இருந்தது, ஆனால் அவன் பயந்த அளவில் கால்வாசிகூட இல்லை. புதிதாக வந்தவன், கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது, முன்னால் இன்சூரன்ஸ் வைத்திருந்த சரித்திரமும் கிடையாது என்று ஏற்கெனவே தலையில் நிறையக் கட்டியிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

"வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்கிட்ட வந்து என்னத்தண்ணே புடுங்குவான்?" என்றும் கேட்டான். நல்ல கேள்வி. இன்றைக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் நியூ ஜெர்சியில் கோர்ட் தீர்ப்பு ஒன்று பதிவானால் அதற்கு ஆயுசு இருபது வருஷம், நீட்டிக்கவும் செய்யலாம். சம்பளத்திலிருந்து ஒரு பங்கைப் பிடிக்கலாம். ஆபீஸ் வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பான 401(கே) பெரும்பாலும் தப்பிக்கும், வங்கிச் சேமிப்பும் பங்குகளும் தப்பாது. இருபத்தேழு வயசுப் பையனிடம் இருக்கிற பெரிய சொத்தே அடுத்த இருபது வருஷச் சம்பளம்தான்.

வீடு, பிள்ளைகள் என்று ஆனவர்களுக்கு அம்ப்ரெல்லா பாலிசியைச் சொல்வேன். பத்து லட்சம் டாலர் வரை லயபிலிட்டியை வீட்டுக்கும் காருக்கும் மேலே விரிப்பது, வருஷத்துக்குச் சில நூறு டாலர்தான். ஆனால் அடியில் கார் பாலிசி 250/500/100 இருந்தால்தான் பல கம்பெனிகள் அதைத் தரும், மினிமத்தின் மேல் குடை பிடிக்க விடமாட்டார்கள். தனியாகக் கேட்டு வாங்கினாலொழிய அதில் யுஐஎம் இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டில், புதிதாக ஓட்டும் இளசுகளுக்கான சிவப்பு டெக்கல் ஒட்டிக்கொண்டு வீட்டில் ஒரு பிள்ளை வண்டி எடுக்க ஆரம்பித்துவிட்டால் இதில் யோசிக்கவே வேண்டாம். பழைய வண்டிக்குக் கொலிஷனைத் தூக்கிவிடலாமா என்றால், வண்டி போனால் கைக்காசில் இன்னொன்று வாங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியும் என்றால் தூக்கிவிட்டு அந்தப் பணத்தை லயபிலிட்டிக்கும் யுஐஎம்முக்கும் மாற்றுங்கள். கடனில் வாங்கிய வண்டிக்கு பாங்க் விடாது.

நம்மை இடித்தவர் மீது வழக்குப் போடும் உரிமையைக் குறைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பாலிசியில் கேட்கிற கட்டம்தான் எனக்கே இழுபறி. 'லிமிட்டட்' என்று தேர்ந்தெடுத்தால் பிரீமியம் கணிசமாகக் குறையும், பெரும்பாலோர் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அப்புறம் வலிக்கும் வேதனைக்கும் வழக்குப் போட வேண்டுமென்றால் உயிரிழப்பு, உறுப்பிழப்பு, விலகிய எலும்பு முறிவு, நிரந்தரக் காயம் என்று சட்டம் சொல்லும் சில வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும், வீட்டில் இருக்கும் மனைவி மக்களுக்கும் அதே கட்டுப்பாடு. கழுத்து வலி, முதுகு வலி என்று எம்ஆர்ஐயில் மங்கலாகத் தெரிகிற சமாச்சாரங்கள் எல்லாம் நிரந்தரமா இல்லையா என்று டாக்டர்களை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டியிருக்கும். நான் லிமிட்டட் எடுத்துவிட்டு, மிச்சமானதை யுஐஎம்மில் போட்டிருக்கிறேன். என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை, ஒவ்வொரு ரினியூவலுக்கும் இந்த விவாதம் நடக்கிறது.

தம்பியின் காகிதத்தில் கடைசியாக ஒன்றைப் பார்த்தோம். பிஐபிக்கு எதிரே 'ஹெல்த் இன்சூரன்ஸ் முதலில்' என்று இருந்தது. விபத்தில் அடிபட்டால் முதலில் ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் கொடுக்கும், பிஐபி அப்புறம் வரும் என்று அர்த்தம். அதனால் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஆன்லைனில் கேள்வி வந்தபோது, மலிவாக இருக்கிறதே என்று அமுக்கிவிட்டான். ஆபீஸ் பிளான் கார் விபத்துச் செலவை முதல் ஆளாக ஏற்குமா என்று எச்ஆரிடம் கேட்டாயா என்றேன். எச்ஆரிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள் என்பது போலப் பார்த்தான். அவன் அம்மா அப்பா மே மாசம் வருகிறார்கள், நயாகராவுக்கு இந்தக் காரில்தான் போகப்போகிறார்கள். சொந்தமாகக் கார் பாலிசி இல்லாதவர்கள் அவன் காரில் உட்கார்ந்து வந்தால் அவர்களுக்கும் அவனுடைய பிஐபியே பொறுப்பு. அவர்களுக்கு ஆபீஸ் பிளான் கிடையாது, ஊரிலிருந்து வாங்கி வருகிற விசிட்டர் இன்சூரன்ஸில் வயசானவர்களுக்கு வரம்பும் குறைவு, விதிவிலக்குகளும் அதிகம். அதனால் பிஐபி தொகை முழு 250,000இல் இருப்பதை ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டோம். சிலர் அதை 15,000 வரைக்கும் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

எச்ஆருக்கு மெயில் போட்டான். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: கார் விபத்து என்றால் ஆட்டோ இன்சூரன்ஸ்தான் முதலில் கொடுக்க வேண்டும், தங்கள் பிளான் அதற்குப் பிறகுதான். அதாவது இரண்டு பக்கமும் 'நீ முதலில் கொடு' என்று கை காட்டுகிற நிலையில்தான் அவன் பாலிசி இருந்திருக்கிறது. மத்தியானமே கம்பெனிக்குப் போன் செய்து பிஐபியை முதலாவதாக மாற்றச் சொன்னான். எடுத்துப் பேசியவர் மாற்றுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பிரீமியம் ஏறுமே, பரவாயில்லையா?